புளிப்பைக் குறைத்தால் சீனி தானே குறையும்

வாசகர் கேள்வி பதில்: வெயில் காலப் பானங்கள்

இம்முறை மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் எல்லாருக்கும் ஒரே கவலைதான்: குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், சீனியும் ஏறக்கூடாது. கீழே குவளை என்று வரும் இடமெல்லாம் 250 மில்லி. தேக்கரண்டி என்றால் மட்டமாகத் தட்டியது. அதில் சீனி 4 கிராம் இருக்கும்.

*

கேள்வி: வீட்டில் லிமாவ் ஐஸ் (எலுமிச்சை ஐஸ் பானம்) போட்டால் ஒன்று கசக்கிறது, இல்லாவிட்டால் வெறும் புளித்தண்ணீராக இருக்கிறது. கடையில் ‘குறாங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று சொல்லி வாங்கினாலும் தித்திப்பாகத்தான் தருகிறார்கள். சீனி குறைவாக, ஆனால் வாயில் வைக்கிற மாதிரி எப்படிப் போடுவது?
— குடும்பத் தலைவி, சுங்கை சிப்புட்

பதில்: லிமாவ் கஸ்தூரியை (சின்ன எலுமிச்சை வகை) தோலோடும் விதையோடும் பிளெண்டரில் அடித்திருப்பீர்கள். கசப்பு அங்கிருந்துதான் வருகிறது. விதை உடைந்தால் உடனே கசக்கும். தோலின் உள்பக்கத்து வெள்ளைச் சதை நசுங்கினால் சற்று நேரம் கழித்துக் கசப்பு தலைகாட்டும். காலையில் போட்டு வைத்தது மத்தியானம் குடிக்க முடியாமல் போவது இதனால்தான். பழத்தைக் குறுக்கே வெட்டி, டீ வடிகட்டியின் மேல் கையால் பிழியுங்கள். கடைசிச் சொட்டுவரை முறுக்காதீர்கள். பிழிந்த தோலில் ஒரு பாதியை மட்டும் குவளையில் போட்டு, ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் வாசனை இறங்கும், கசப்பு இறங்காது.

சீனி விஷயத்துக்கு வருவோம். ஒரு குவளைக்கு ஐந்தாறு பழம் பிழிந்துவிட்டு சீனியை மட்டும் குறைத்தால் குடிக்கவே முடியாது. அந்தப் புளிப்பை அடக்க நான்கு தேக்கரண்டியாவது வேண்டும். அதாவது 16 கிராம். பழத்தை இரண்டாகக் குறைத்துப் பாருங்கள், ஒரு தேக்கரண்டி சீனியே போதும். சீனி குறைந்த பானங்கள் பலருக்குப் பிடிக்காமல் போவதற்குக் காரணம், இனிப்பைக் குறைத்தவர்கள் புளிப்பை அப்படியே விட்டுவிடுவதுதான். இரண்டும் ஒன்றாகத்தான் இறங்க வேண்டும்.

ஐஸும் ஒரு காரணம். நாக்கு சில்லிட்டால் இனிப்பு சரியாகத் தெரியாது. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பானத்தை ஊற்றுகிற கடைக்காரர் சீனியை அள்ளிப் போடுவது அதனால்தான். வீட்டில் தண்ணீரை ஐஸ் பெட்டியில் குளிர வைத்து, குவளைக்கு இரண்டே கட்டி ஐஸ் போடுங்கள்.

மூன்றாவது, சீனி கரையாமல் அடியில் தங்குவது. குளிர்ந்த தண்ணீரில் கலக்கினால் பாதி அடியிலேயே கிடக்கும். மேலே குடிக்கிறவர் இனிப்பு போதவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி போடுவார். 100 கிராம் சீனியை 100 மில்லி தண்ணீரில் கரையும் வரை மட்டும் சூடாக்கி, ஆறவைத்து, கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். சுமார் 160 மில்லி கிடைக்கும். அந்தப் பாகில் ஒரு தேக்கரண்டி என்றால் சீனி 3 கிராம் கணக்கு. சூடாக்கும்போது ஒரு பாண்டான் (ரம்பை) இலையை முடிச்சுப் போட்டுப் போட்டால், அந்த மணமே இருக்கிற இனிப்பைக் கூட்டிக் காட்டும்.

கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு. அது கசப்பை அமுக்கும். அசாம் போய் (உப்பில் ஊறிய உலர் பிளம்) போடுகிறீர்களென்றால் உப்பு வேண்டாம், அதிலேயே ஏராளமாக இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அசாம் போய் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

*

கேள்வி: பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தோட்டக் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். ஏறக்குறைய 200 பேர் வருவார்கள். நீர் மோரும் பானகமும் கொடுக்க ஆசை. வருகிறவர்களில் இனிப்புநீர்க்காரர்கள் (நீரிழிவு உள்ளவர்கள்) நிறைய. அளவும் முறையும் சொல்லுங்கள்.
— கோயில் இளைஞர் பிரிவு, தோட்டத்திலிருந்து

பதில்: மோரிலிருந்து தொடங்குவோம். ஆளுக்கு 200 மில்லி என்றால் 40 லிட்டர். 8 கிலோ தயிர், 32 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், உப்பு 80 கிராம், இஞ்சி 150 கிராம், விதை நீக்கிய பச்சை மிளகாய் 15, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, வெந்நீரில் கரைத்த பெருங்காயம் இரண்டு தேக்கரண்டி. இஞ்சியையும் மிளகாயையும் அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் சேருங்கள். சக்கை தொண்டையில் நின்றால் சிறுபிள்ளைகள் இருமுவார்கள். கறிவேப்பிலையைப் பொடியாகக் கிள்ளிப் போடலாம். கொத்துமல்லி இலையைப் பெரிய அண்டாவில் கலக்காதீர்கள், முதலில் வாடிக் கெடுவது அதுதான். வேண்டுமென்றால் ஊற்றும்போது மேலே தூவுங்கள்.

தயிரை வீட்டிலேயே உறைய வைப்பதாக இருந்தால் நேரத்தைக் கவனியுங்கள். நம் ஊர் இரவுச் சூட்டில் ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். இரவு எட்டு மணிக்கு உறை ஊற்றிக் காலை ஏழுக்குப் பார்த்தால் புளித்துத் தண்ணீர் விட்டிருக்கும். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி இனிப்பில்லாத தயிர் சேர்த்து, பத்து பதினொரு மணிக்கு மேல் ஊற்றுங்கள். விடிந்ததும் ஐஸ் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கடைவதற்கு மத்து நல்லது. பிளெண்டரில் நீண்ட நேரம் ஓட்டினால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும்.

40 லிட்டரையும் ஒரே நேரத்தில் கரைத்து வைக்காதீர்கள். கடைந்த கெட்டித் தயிர் குளிரில் இருக்கட்டும். தீரத் தீரப் பத்துப் பத்து லிட்டராகக் கலந்துகொள்ளுங்கள். பதினொரு மணி வெயிலில் பந்தலில் நிற்கிற மோர் ஒரு மணி நேரத்திலேயே புளிப்பேறத் தொடங்கும்.

பானகத்துக்கு ஆளுக்கு 150 மில்லி, ஆக 30 லிட்டர். வழக்கமாக லிட்டருக்கு 100 கிராம் வெல்லம் போடுவார்கள், அதாவது 3 கிலோ. நீங்கள் 1 கிலோ 200 கிராம் போடுங்கள். அப்போது ஒரு கப்பில் வெல்லம் 6 கிராமோடு நிற்கும். இங்கேயும் எலுமிச்சையைச் சேர்த்தே குறைக்க வேண்டும்: பெரிய பழம் 15, அதற்குமேல் வேண்டாம். இனிப்பு குறைந்த இடத்தைச் சுக்கும் ஏலமும் நிரப்பும். சுக்குப் பொடி 45 கிராம், ஏலப்பொடி 15 கிராம், மிளகுப் பொடி 10 கிராம், உப்பு இரண்டு தேக்கரண்டி. வெல்லத்தைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிய விட்டு ஊற்றுங்கள். அடியில் மண் நிற்கும். சுக்குப் பொடி கீழே படியும் என்பதால் ஊற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு கலக்குக் கலக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் வந்தவருக்கு வெறும் தண்ணீர், கடைசியில் வந்தவருக்குக் காரம்.

பச்சைக் கற்பூரம் போடுவதானால் முப்பது லிட்டருக்கும் சேர்த்து இரண்டு மிளகளவு போதும். அதை வாங்குகிறவர் விவரம் தெரிந்தவராக இருக்கட்டும். பூசைக்குக் கொளுத்துகிற சூடம் வேறு, அது வயிற்றுக்குள் போனால் விஷம். சந்தேகமாக இருந்தால் கற்பூரமே வேண்டாம், யாரும் கேட்கப் போவதில்லை. குழந்தைகள் குடிக்கும் அண்டாவில் கட்டாயம் வேண்டாம்.

ஐஸ்: மீனுக்குப் போடுகிற பாளம் ஐஸை வாங்கி உடைத்து உள்ளே போடுகிறார்கள். அது குடிக்கிற தண்ணீரில் செய்ததென்று எந்த உறுதியும் கிடையாது. சுத்தமான போத்தல்களில் தண்ணீரை முக்கால் அளவு நிரப்பி முந்தின நாளே உறைய வைத்து, வெளிப்பக்கத்தைக் கழுவி, மூடியோடு அண்டாவுக்குள் இறக்குங்கள். குளிரும், நீர்த்தும் போகாது.

இனிப்புநீர்க்காரருக்கு மோரையே கொடுங்கள். குறைத்த பானகமும் அவர்களுக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம்.

*

கேள்வி: சீனிக்குப் பதில் குலா மலாக்கா (தென்னை வெல்லம்), தேன், நாட்டுச்சர்க்கரை போட்டால் பாதகமில்லைதானே?
— ஒரு வாசகி

பதில்: மூன்றும் சர்க்கரைதான். குலா மலாக்காவின் மணம் தூக்கலாக இருப்பதால் கொஞ்சம் போட்டாலே போதுமென்று தோன்றும், அந்த ஒரு லாபம் உண்டு. ‘இது இயற்கையானது’ என்று இரண்டு கரண்டி கூடப் போட்டால் அந்த லாபமும் போச்சு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

*

கேள்வி: தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் டீ) சீனியில்லாமல் குடித்தால் துவர்க்கிறது. ஆறவைத்தால் கலங்கியும் போகிறது. என்ன கோளாறு?
— ஆசிரியர், தமிழ்ப்பள்ளி

பதில்: கொதிக்கிற தண்ணீரில் தேயிலை துவர்ப்பை வேகமாக விடும். அந்தச் சாயத்தைச் சட்டென்று குளிர வைத்தால் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கலங்கலாகத் தெரியும். கெட்டதில்லை, பார்க்கத்தான் நன்றாக இராது.

தேநீரைக் கொதிக்க வைக்காமலே இறக்குங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் நான்கு டீப் பைகள், மூடி போட்டு ஐஸ் பெட்டியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். இரவு போட்டால் காலையில் பைகளை எடுத்துவிடலாம், எடுக்கும்போது பிழியாதீர்கள். நிறம் சற்று வெளிறி இருக்கும், துவர்ப்பு நன்றாகக் குறைந்திருக்கும், கலங்காது. கோசோங்காகவே, சீனியே இல்லாமல், குடிக்கலாம். டீத்தூள் இதற்குச் சரிப்படாது, வடிகட்டினாலும் அடியில் சேறு போல நிற்கும். நசுக்கிய செராய் (எலுமிச்சைப் புல்) ஒரு தண்டு போட்டால் மணம் அருமை. இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் ஏறுவதைத் தேநீர் தடுக்கும். கர்ப்பிணிகளும் இரத்தசோகை உள்ளவர்களும் ஒரு மணி நேரம் இடைவெளி விடட்டும்.

*

கேள்வி: மகளுக்குப் பிறந்தநாள். பத்துப் பிள்ளைகள் வருவார்கள். பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) இல்லாமல் பிறந்தநாளா என்கிறாள். ரோஸ் சிரப் போடாமல் முடியுமா?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: முடியும். 2 லிட்டருக்கு: குளிர்ந்த பால் ஒரு லிட்டர், குளிர்ந்த தண்ணீர் 900 மில்லி, சீனி 60 கிராம் பாகாகக் காய்ச்சியது, சமையலுக்கான ரோஜாப் பன்னீர் இரண்டு தேக்கரண்டி, நிறத்துக்கு பீட்ரூட். 40 கிராம் பீட்ரூட்டைத் துருவி, அரைக் குவளைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அதிக நேரம் கொதித்தால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். பச்சையாகப் பிழிந்தால் மண்வாடை அடிக்கும். பால் நன்றாக இளஞ்சிவப்பாகும் வரை கரண்டி கரண்டியாகச் சேருங்கள்.

பன்னீரில் இரண்டு எச்சரிக்கை. பூசைச் சாமான் கடையில் தெளிப்பதற்கு விற்கிற பன்னீர் குடிப்பதற்கு உரியதல்ல. உணவுக்கென்று அச்சிட்ட போத்தலைத் தேடி வாங்குங்கள். அடுத்து, அதன் வீரியம் போத்தலுக்குப் போத்தல் மாறும். இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்தி, சுவை பார்த்த பிறகே கூட்டுங்கள். கூடிவிட்டால் சோப்புத் தண்ணீர் வாசம் வரும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

ஆளுக்குச் சேர்த்த சீனி 6 கிராம். பாலிலேயே இருக்கும் சர்க்கரை இன்னொரு 5 கிராம். கட்டிப் பால் (சீனி சேர்த்துச் சுண்டிய டின் பால்) ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே இந்தக் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

*

கேள்வி: பார்லித் தண்ணீர் ஐஸ் பெட்டியில் வைத்தால் கூழாகிவிடுகிறது. மூன்றாம் நாள் நூல் விடுகிறது. குடிக்கலாமா?
— ஓய்வு பெற்றவர்

பதில்: கூழானதைக் குடிக்கலாம், நூல் விட்டதைக் கொட்டிவிடுங்கள்.

பார்லியில் உள்ள மாவுச்சத்தும் பிசுபிசுப்பான நார்ச்சத்தும் ஆறும்போது இறுகும். 60 கிராம் பார்லியைக் கழுவி, முதல் கொதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீரில் சிறு தீயில் 35 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு பாண்டான் இலை. சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள், பார்லியை அழுத்தாதீர்கள். கெட்டியாகத் தெரிந்தால் வெந்நீர் விட்டு இளக்குங்கள். கடையில் இனிப்பு வருவது பெரும்பாலும் சீனியில் ஊறிய பூசணித் துண்டிலிருந்து, அது வேண்டாம். லிமாவைக் குடிக்கும் நேரத்தில் மட்டும் பிழியுங்கள், ஒரே ஒரு பழம். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறார். காலையிலிருந்து வேர்த்துக் கொட்டுகிறது. விளையாட்டு வீரர்கள் குடிக்கிற டின் பானம் வாங்கித்தான் கொண்டு போகிறார். வீட்டில் செய்து கொடுக்கலாமா?
— தோட்டத்து வாசகி

பதில்: தாராளமாக. ஒரு லிட்டர் தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு, ஐந்து தேக்கரண்டி சீனி, லிமாவ் கஸ்தூரி மூன்று. சீனி 20 கிராம் ஆகிறதே என்று பயப்பட வேண்டாம். அது ஒரு லிட்டருக்கு, உடல் உழைப்புக்கு. இரத்த அழுத்தம், இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு எதுவும் இருந்தால் கிளினிக்கில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மூன்று லிட்டர் கொண்டு போகிறார் என்றால் இரண்டு வெறும் தண்ணீர், ஒன்று இது. தாகம் எடுத்த பிறகு ஒரேயடியாக மடமடவென்று குடிப்பதைவிட, கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு குவளை என்று குடிப்பதுதான் தாங்கும். வேலை செய்கிறவர் பேச்சுத் தடுமாறி, தலைசுற்றி, உடம்பு அனலாகக் கொதித்தால் பானம் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 999க்கு அழையுங்கள்.

இதோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சீனிக் கரைசலில் மட்டும் சீனியைக் குறைக்கக் கூடாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. குடலில் உப்பும் தண்ணீரும் உள்ளே இழுக்கப்படுவதற்கு அந்தச் சர்க்கரைதான் துணை. குறைத்தால் மருந்தே வேலை செய்யாது. உப்பைக் கூட்டுவதும் ஆபத்து, குழந்தைகளுக்கு மிகவும்.

*

கேள்வி: போத்தல் பானத்தில் ‘சீனி குறைவு’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
— படிவம் 5 மாணவர்

பதில்: முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள இனிப்புப் பானங்களுக்கு வரி உண்டு. பால் பானத்துக்கு அந்த வரம்பு 7, பழச்சாற்றுக்கு 12. வரம்புக்குக் கீழே இருப்பதாலேயே குறைந்த சீனி என்று ஆகிவிடாது. 100 மில்லிக்கு 4.8 என்று எழுதியிருக்கும், போத்தல் 500 மில்லி. முழுவதையும் குடித்தால் 24 கிராம், ஆறு தேக்கரண்டி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு போத்தலிலேயே அந்த நாள் கணக்கு முடிந்துபோகும். ‘ஒரு பரிமாறல்’ என்ற வரியில் எத்தனை மில்லி என்பதையும் பாருங்கள், பாதிப் போத்தலுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள்.

*

கேள்வி: எனக்கு இனிப்புநீர். வெயிலுக்குக் கேழ்வரகுக் கூழ் குடிக்கலாமா? சீனி போடுவதில்லை.
— பாட்டி, வயது 68

பதில்: குடிக்கலாம் பாட்டி, ஆனால் சோற்றுக்குப் பதிலாக, சோற்றோடு சேர்த்து அல்ல. சீனி போடாவிட்டாலும் மாவு சர்க்கரையாகத்தான் மாறும். 30 கிராம் மாவில் 20 கிராமுக்குமேல் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு வேளைக்கு அந்த 30 கிராம் மாவு போதும், நொய் சேர்க்காதீர்கள். நிறைய மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள். மாவைப் புளிக்க வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள். மேலே தெளிந்த புளித்தண்ணீரை இறுத்துவிட்டுக் காய்ச்சுங்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்சுலின் ஊசி போடுகிறவராக இருந்தால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்: கை நடுங்கி, வேர்த்து, சீனி இறங்கிவிட்டால் அந்த நேரத்தில் மோரும் பார்லியும் உதவாது. அரைக் குவளைத் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி சீனி கரைத்து உடனே குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

*

கேள்வி: கரும்புச்சாறு, இளநீர், தர்பூசணிச் சாறு: இவை இயற்கையானவைதானே, அளவு தேவையா?
— செம்பனைத் தோட்ட வாசகர்

பதில்: தேவை. கரும்புச்சாறு ஒரு குவளையில் 30 கிராமுக்குமேல் சர்க்கரை, டின் பானத்துக்கு அண்ணன். தர்பூசணியை அடித்துச் சாறாக்கினால் குவளைக்கு 15 கிராம் வரும். துண்டாகச் சாப்பிட்டால் அதே பழம் மெதுவாக இறங்கும். விதையோடு அடித்தால் கசக்கும், அதற்குச் சீனி போடாதீர்கள், விதையை எடுங்கள். மூன்றில் இளநீர் மேல், சர்க்கரை குறைவு. ஆனால் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. ஆப்பக்கடையில் இளநீரோடு சிரப் கலந்து விற்பதும் உண்டு, காயை வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: பிஜி செலாசே (சப்ஜா விதை) எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?
— ஒரு வாசகி

பதில்: ஒரு தேக்கரண்டி விதைக்கு முக்கால் குவளைத் தண்ணீர், பதினைந்து நிமிடம். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி உறை நிற்க வேண்டும். கட்டி கட்டியாக ஒட்டினால் தண்ணீர் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கிண்டிவிடுங்கள். பாலிலோ பாகிலோ நேரடியாகப் போட்டால் சரியாக ஊறாது, முதலில் வெறும் தண்ணீரில்தான். ஊறாத விதையை வாயில் போடக் கூடாது, தொண்டையில் உப்பி அடைக்கும். சின்னக் குழந்தைகளுக்கு ஊறினதும் வேண்டாம்.